தம்பியின் கட்டைவிரல்

காரைக்காலில் பஸ் ஏறி வடக்கே தரங்கம்பாடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? கோட்டுச்சேரி, வரிச்சிக்குடி எல்லாம் கடந்து போனால் பூவம் வரும். சின்ன ஊர்தான். அதை ஒட்டி நண்டலாறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி யூனியன் பிரதேசம். அந்தப் பக்கம் தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டம். 1954-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரையில் இது பிரெஞ்சுக்காரர்களின் எல்லையாக இருந்த இடம். கொடி மாறிவிட்டது, எல்லையின் சுபாவம் மாறவில்லை. காரைக்காலில் மது மலிவு என்பதால், அக்கரைக்குப் போகும் வண்டிகளில் பாட்டில் ஏதும் இருக்கிறதா என்று சாவடியில் சோதிப்பது வழக்கம்.

பையைப் பார்க்கிறார்கள், ஆசனத்துக்கு அடியில் பார்க்கிறார்கள். ஆனால் பஸ்ஸில் போகும் வாலிபப் பிள்ளைகளின் சட்டைப் பையில் ஒரு வஸ்து இருக்கிறதே, அதைச் சோதிக்க மட்டும் எந்தச் சாவடியும் கிடையாது. எப்படி இருக்கும்? சோதிக்க வருகிறவரின் பையிலும் அது இருக்குமே!

செல்போனைத்தான் சொல்கிறேன். உடனே, "இவரும் ஆரம்பித்துவிட்டார்! இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று ஒப்பாரி வைக்கப் போகிறார்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த ஒப்பாரி வீட்டுக்கு வீடு கேட்கிறது. அதனால் ஒரு பிள்ளையாவது போனைக் கீழே வைத்ததாகத் தெரியவில்லை. நாம் இன்று வேறொன்றைப் பார்ப்போம். கை போனை எடுப்பதற்கு ஒரு விநாடி முன்னால் மனத்தில் என்ன நடக்கிறது? கேள்வி அவ்வளவுதான்.

ஒரு தம்பியைக் கற்பனை செய்வோம்

பூவத்தைச் சுற்றிக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. 2010-ல் தொடங்கப் பெற்ற புதுச்சேரி என்.ஐ.டி. பக்கத்திலேயே திருவேட்டக்குடியில் இருக்கிறது. காரைக்காலில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, அவ்வையார் அரசு மகளிர் கல்லூரி; செருமாவிலங்கையில் வேளாண்மைக் கல்லூரி; வடக்கே போனால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இவற்றில் எதில் படிக்கிறான் என்று கேட்காமல், ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவனுக்குப் பெயர் வேண்டாம். 'தம்பி' என்றே கூப்பிடுவோம்.

தம்பி ஓர் உள்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவன். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழில் படித்து, நல்ல மார்க்கு வாங்கியவன். இன்று இரண்டாம் வருஷம். மூன்று பாடங்களில் அரியர். அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

சாயங்காலம், பூவம் பஸ் நிறுத்தம். தம்பி ஊருக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான். கையில் போன். கட்டைவிரல் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கிறது. முகத்தில் சிரிப்பு இல்லை, கோபம் இல்லை, சுவாரஸ்யம்கூட இல்லை. நன்றாகக் கவனியுங்கள்: சந்தோஷமாக இருப்பவனுடைய முகமா அது? 'பிள்ளை ஜாலியாகப் பொழுதைப் போக்குகிறான்' என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஜாலி எப்போதோ தீர்ந்துபோய்விட்டது. பிறகும் விரல் நிற்கவில்லை. ஏன்?

தூண்டில்காரனின் நப்பாசை

அதே நண்டலாற்றங்கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்ட தடவையெல்லாம் மீன் விழுந்தால் அரை மணியில் கூடையை நிரப்பிக்கொண்டு போய்விடுவார். ஒரு தடவைகூட விழாவிட்டாலும் எழுந்து போய்விடுவார். எப்போது நாள் முழுவதும் உட்காருவார் தெரியுமா? எப்போது விழும் என்று தெரியாமல், ஆனால் அவ்வப்போது விழுந்துகொண்டே இருந்தால்!

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் பி. எஃப். ஸ்கின்னர் இதைப் புறாக்களை வைத்துக் காட்டினார். ஒரு பொத்தானைப் புறா அலகால் கொத்தினால் தீனி விழும். எத்தனை கொத்துக்கு ஒரு முறை தீனி என்பதைக் கணக்கில்லாமல் மாற்றி மாற்றி வைத்தபோது, புறா ஓய்வில்லாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தீனியை நிறுத்திய பிறகும் வெகு நேரம் கொத்தியது. ஃபெர்ஸ்டர் என்பவருடன் சேர்ந்து ஸ்கின்னர் இந்த ஆராய்ச்சிகளை 1957-ல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்.

தம்பியின் போனில் நடப்பது இதுவே. ஒரு தடவை திறந்தால் சிநேகிதனின் செய்தி. அடுத்த தடவை ஒன்றுமில்லை. அதற்கடுத்த தடவை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் ஒரு வேடிக்கை. பிறகு பத்துத் தடவை சக்கை. 'அடுத்ததில் ஏதாவது வரும்' என்ற நப்பாசைதான் கட்டைவிரலை இழுக்கிறது. போன் அதிராதபோதே அதிர்ந்ததாகத் தோன்றி, பைக்குள் கை போகிறதே, உங்களுக்கும் அந்த அநுபவம் உண்டல்லவா? 2012-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 290 கல்லூரி மாணவர்களைக் கேட்டபோது, நூற்றுக்கு 89 பேர் தங்களுக்கு இந்தப் பிரமை ஏற்பட்டதுண்டு என்றார்கள். மனம் அத்தனை எதிர்பார்ப்புடன் காத்திருக்கிறது!

'தொடரும்' இல்லாத தொடர்கதை

"பழைய காலத்தில் இப்படியெல்லாம் இல்லை" என்று ஒரு பெரியவர் சொல்வது காதில் விழுகிறது. ஐயா, மன்னிக்க வேண்டும்! 1950-லிருந்து 1954 வரையில் 'பொன்னியின் செல்வன்' கல்கியில் வாராவாரம் வந்துகொண்டிருந்தபோது, பத்திரிகை வரும் நாளை எண்ணிக் காத்திருந்தவர்கள் யார்? வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை போட்டவர்கள் யார்? அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் படித்த பாட்டிமார்கள் எத்தனை பேர்!

'தொடரும்' என்ற ஒரு சொல்லுக்கு ஏன் அத்தனை சக்தி? மரியா ஓவ்ஸியான்கினா என்ற பெண்மணி பெர்லினில் ஆராய்ச்சி செய்து 1928-ல் இதற்குப் பதில் சொன்னார். மனிதர்களிடம் புதிர் மாதிரியான சிறு வேலைகளைக் கொடுத்து, பாதியில் நிறுத்தச் செய்தார். பிறகு சும்மா விட்டார். யாரும் கேட்டுக்கொள்ளாமலே பெரும்பாலோர் விட்ட வேலையைத் தாமாகவே எடுத்து முடிக்கத் தொடங்கினார்கள்! அரைகுறையாக நின்றதை முடிக்கத் துடிப்பது மனித சுபாவம்.

ஆனால் வாரப் பத்திரிகைக்கும் போனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அத்தியாயம் முடிந்தால் ஒரு வாரம் காத்திருந்தே ஆகவேண்டும். அந்த ஒரு வாரத்தில் நாம் குளித்தோம், சமைத்தோம், வயலுக்குப் போனோம், பரீட்சை எழுதினோம். போனிலோ பக்கமே முடிவதில்லை. 2006-ல் ஏஸா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், கீழே போகப் போகப் புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும் முறையை உண்டாக்கினார். 'அடுத்த பக்கம்' என்ற பொத்தானை அழுத்தும் சிரமம் எதற்கு என்பது அவருடைய நல்லெண்ணம். பிற்காலத்தில் அதற்காகத் தாம் வருந்துவதாக அவரே சொன்னார். பக்கம் முடியும் இடந்தான் மனிதன் தலை நிமிர்ந்து, 'போதுமா, இன்னும் வேண்டுமா?' என்று யோசிக்கும் இடம். அந்த இடத்தையே எடுத்துவிட்டால்?

ஆக, கருவியில் ஒரு தந்திரம் இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. தம்பியின் அறையில் நான்கு பேர் இருக்கிறார்கள். நான்கு பேரிடமும் அதே போன்தான், அதே விளையாட்டுக்கள்தான். இருவர் நன்றாகப் படித்துத் தேறுகிறார்கள். ஒரே தூண்டிலில் ஒருவன் மட்டும் ஏன் மாட்டிக்கொள்கிறான்? இங்கேதான் மனம் வருகிறது.

பதினைந்து நிமிஷம் சும்மா இருக்க முடியுமா?

முதல் காரணம் சாதாரணமானது: சும்மா இருக்க முடியாமை.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் திமோதி வில்சனும் அவருடைய சகாக்களும் 2014-ல் ஒரு விசித்திரமான ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனி அறையில் பதினைந்து நிமிஷம் உட்கார வைத்தார்கள். புத்தகம் கிடையாது, போன் கிடையாது. எதையாவது நினைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பக்கத்தில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் உடம்பில் மின்சார 'ஷாக்' அடிக்கும். 'இந்த ஷாக் வேண்டாம் என்பதற்காகக் காசுகூடக் கொடுக்கலாம்' என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். இருந்தும் என்ன நடந்தது? 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள்! ஒரு புண்ணியவான் 190 தடவை அழுத்தினாராம்.

தனியே தன் நினைவுகளோடு இருப்பதைவிட வலி மேல் என்று தோன்றுமானால், பஸ் நிறுத்தத்தில் தம்பி போனை எடுப்பது ஆச்சரியமா? அவன் தலைக்குள் இருப்பதும் இன்பமான நினைவுகள் அல்லவே. மூன்று அரியர் இருக்கிறது. அப்பாவின் முகம் இருக்கிறது. போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அந்த முகம் தெரியாது.

விடுதியில் முதல் இரவு

கொஞ்சம் பின்னால் போவோம். தம்பி விடுதிக்கு வந்த முதல் இரவு. அப்பாவும் அம்மாவும் பெட்டியை வைத்துவிட்டு, "நல்லாப் படிடா கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்கள். அறையில் மற்ற மூவரும் ஏற்கெனவே சிநேகிதர்கள் போல் பேசிக்கொள்கிறார்கள், பாதி இங்கிலீஷ். மறுநாள் வகுப்பில் பேராசிரியர் ஏதோ கேட்கிறார். பதில் தெரியும், தமிழில் தெரியும். வாய் திறக்கவில்லை. பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். அவனைப் பார்த்துச் சிரித்தார்களா என்பதுகூட நிச்சயமில்லை. ஆனால் நெஞ்சில் முள் தைத்துவிட்டது.

அன்று இரவு போர்வைக்குள் ஒரு சின்ன வெளிச்சம். அதற்குள்ளே யாரும் சிரிப்பதில்லை. அங்கே ஒரு விளையாட்டில் அவன் தளபதி. முகம் தெரியாத நாலு பேர் "சூப்பர் அண்ணா!" என்கிறார்கள். பகலெல்லாம் கிடைக்காத மரியாதை இரவு பதினோரு மணிக்குக் கிடைக்கிறது. யார்தான் விடுவார்கள்?

டேனியல் கார்டெஃபெல்ட்-விந்தர் என்ற ஆராய்ச்சியாளர் 2014-ல் ஒரு கருத்தை எடுத்துச் சொன்னார். இணையத்தில் மிதமிஞ்சி ஆழ்பவனைப் பார்த்து, 'இவனுக்கு என்ன வியாதி?' என்று கேட்பதைவிட, 'வாழ்க்கையில் எது கிடைக்காததால் அங்கே தேடிப் போகிறான்?' என்று கேட்பது மேல் என்பதே அதன் சாரம். பற்றாக்குறையை ஈடு செய்கிற முயற்சி அது. தனிமை, வெட்கம், 'நமக்கு ஒன்றும் வராது' என்ற தாழ்வு எண்ணம் — இவைதாம் அந்தப் பற்றாக்குறைகள்.

இன்னொன்றும் உண்டு. பகல் முழுவதும் வகுப்பு, லாப், மெஸ் மணி, வருகைப் பதிவு. பொழுதில் ஒரு துண்டுகூட அவனுடையதில்லை. நள்ளிரவு ஒன்றுதான் அவனுக்குச் சொந்தம். கண் எரிந்தாலும் அதைத் தூக்கத்துக்குக் கொடுக்க மனசு வருவதில்லை. காலையில் தலை கனக்கிறது. முதல் வகுப்பு போகிறது. பாடம் இன்னும் புரியாமல் போகிறது. வெட்கம் இன்னும் கூடுகிறது. அன்று இரவும் போர்வைக்குள் வெளிச்சம். செக்கு மாடு சுற்றத் தொடங்கிவிட்டது!

பரீட்சைக்கு முந்தின நாள்

"பரீட்சைக்கு முந்தின நாள்கூட விளையாடுகிறானே, கொஞ்சமாவது பயம் இருக்கிறதா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியில்தான் பெரிய தவறு இருக்கிறது. பயம் இல்லாததால் அவன் விளையாடவில்லை. பயம் தாங்காமல் விளையாடுகிறான்!

புத்தகத்தைத் திறந்தவுடன் வயிற்றைப் பிசைகிறது. போனைத் தொட்டவுடன் அந்தப் பிசைவு நிற்கிறது. உடனே நிற்கிறது. இதைவிட வேகமான மருந்து எந்த வைத்தியரிடமும் இல்லை. ஆனால் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பரீட்சை ஒரு மணி நேரம் நெருங்கியிருக்கிறது. பயம் இரண்டு மடங்காகியிருக்கிறது. மறுபடி அதே மருந்து. கந்துவட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிறவனின் கதைதான். கவலைக்கும் சோர்வுக்கும் மிதமிஞ்சிய போன் உபயோகத்துக்கும் தொடர்பு இருப்பதை உலகின் பல பாகங்களில் நடந்த ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. எது முந்தியது என்றால், கோழியா முட்டையா கதைதான். பெரும்பாலும் ஒன்றை ஒன்று வளர்க்கிறது.

"போன் பக்கத்தில் இருந்தால் என்ன? நான் தொடமாட்டேன்" என்று சில வீரர்கள் சொல்வார்கள். 2017-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பரீட்சை வைத்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் போன் மேஜை மேல். ஒரு கூட்டத்துக்குப் பையில். ஒரு கூட்டத்துக்கு வேறு அறையில். எல்லாப் போன்களும் சத்தமில்லாமல்தான் இருந்தன. வேறு அறையில் வைத்தவர்களே நன்றாகச் செய்தார்கள். பின்னால் இதையே செய்து பார்த்த சிலருக்கு இந்த வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், லட்டுத் தட்டை எதிரில் வைத்துக்கொண்டு விரதம் இருப்பானேன்?

தங்கையின் கண்ணாடி

தம்பியை மட்டும் பேசினால் போதாது. ஒரு தங்கையும் இருக்கிறாள். அவள் விளையாடுவதில்லை, படங்கள் பார்க்கிறாள். கூடப் படிக்கும் பெண் கொடைக்கானலில் நிற்கிறாள். இன்னொருத்திக்குப் பிறந்த நாள். மேஜை கொள்ளாத பரிசுகள். மூன்றாமவளுக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம். தங்கை தன் அறையைப் பார்க்கிறாள்: கயிற்றில் காயும் துணி, பாதி படித்த நோட்டு. 'எல்லோரும் வாழ்கிறார்கள், நான் மட்டும் இப்படி' என்று ஒரு பெருமூச்சு.

மனிதன் தன்னை அளந்துகொள்ளப் பக்கத்து வீட்டுக்காரனைத்தான் கோலாக வைத்துக்கொள்கிறான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே ஒரு சித்தாந்தம் வகுத்தார். அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு வீடுதான் கோல். அந்த வீட்டில் நகையும் தெரியும். நடுராத்திரி அழுகையும் கேட்கும். போனில் நகை மட்டும் தெரிகிறது, அழுகை கேட்பதில்லை. தன் முழு வாழ்க்கையை அடுத்தவரின் பண்டிகை நாளோடு ஒப்பிட்டால் யார்தான் தேறுவார்கள்? பார்த்தால் மனசு நோகிறது. பார்க்காவிட்டாலோ, தன்னை விட்டுவிட்டு எல்லோரும் எங்கோ போய்விடுவார்கள் என்ற பயம்.

நல்ல செய்தியும் உண்டு. 2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவ மாணவியரை வைத்து ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. ஒரு பகுதியினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் தினம் ஒவ்வொன்றுக்குப் பத்து நிமிஷம் என்று குறைத்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் அவர்களுடைய தனிமை உணர்ச்சியும் மனச்சோர்வும் மற்றவர்களைக் காட்டிலும் குறைந்தன. அடியோடு விடவில்லை, குறைத்தார்கள், அவ்வளவே!

இது வியாதியா?

1995-ல் ஐவன் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 'இணைய அடிமை நோய்' என்று ஒன்றை வேடிக்கைக்காக எழுதினார். எதற்கெடுத்தாலும் நோய் என்று பெயர் சூட்டுகிறார்களே என்று கிண்டல் செய்வதே அவர் நோக்கம். வேடிக்கை வினையாயிற்று. "டாக்டர், எனக்கு அந்த வியாதி இருக்கிறது" என்று ஜனங்கள் அவரிடமே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்!

இன்றைய நிலை இது: உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் மிதமிஞ்சிய மின்னணு விளையாட்டு ஒரு நோயாகச் சேர்ந்திருக்கிறது. 'செல்போன் அடிமைத்தனம்' என்று தனி நோய் அதில் இல்லை. அதற்காக அவஸ்தை பொய் என்று அர்த்தமில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014-லிருந்தே இதற்கென்று ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவு இயங்கிவருகிறது.

எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. 2020-ல் கொரோனா வந்தபோது நாம்தானே கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்து, "இதில்தான் உன் வகுப்பு" என்றோம்? பாடம், பஸ் நேரம், வங்கி, சிநேகிதம் எல்லாம் அதற்குள்தான். ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு, மாணவர்களே, இந்தக் கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இது வைத்தியப் பரீட்சை அல்ல, ஒரு முகக்கண்ணாடி.

1. போனை எடுக்கும் முன் என் மனத்தில் என்ன இருந்தது? சலிப்பா, பயமா, தனிமையா, வெட்கமா?

2. வைத்த பிறகு அது குறைந்திருந்ததா, கூடியிருந்ததா?

3. அதற்காகத் தூக்கத்தையும் சாப்பாட்டையும் வகுப்பையும் விட்டிருக்கிறேனா?

4. குறைக்க வேண்டும் என்று நினைத்து, எத்தனை தடவை தோற்றேன்?

5. எவ்வளவு நேரம் பார்க்கிறேன் என்பதை வீட்டில் மறைக்கிறேனா?

முதல் கேள்விதான் முக்கியம். பதில் 'சலிப்பு' என்றால் மருந்து எளிது: இரவில் போனை அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள், எழுப்புவதற்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள், தேவையில்லாத மணிச் சத்தங்களை நிறுத்துங்கள், மாலையில் சிநேகிதனோடு கடற்கரைக்கு நடந்துவிட்டு வாருங்கள். பதில் 'பயம்' என்றால், புரியாத பாடத்துக்கு ஓர் ஆசிரியரையோ மேல் வகுப்பு அண்ணனையோ தேடிப் போவதுதான் மருந்து. போனைப் பூட்டினால் பயம் போகாது. பதில் 'தனிமை' என்றால், ஒரே ஒரு மனிதரிடம் மனம் விட்டுப் பேசுவதுதான் மருந்து. பெயர் தெரிந்துவிட்டால் பாதி பேய் ஓடிவிடும்.

தாய் தந்தையருக்கு ஒரு வார்த்தை

தம்பியை ஊருக்குப் பஸ் ஏற்றினோமே, வீடு வந்து சேர்ந்துவிட்டான். ராத்திரி சாப்பாட்டு நேரம். தட்டுக்குப் பக்கத்தில் போன். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "இந்தச் சனியனைத் தூக்கிக் கிணற்றில் போடு! உன்னைப் படிக்க வைக்க நான் படுகிற பாடு உனக்குத் தெரியுமா?" என்று சத்தம் போடுகிறார்.

அவர் பேரில் தப்பில்லை. வெயிலில் நின்று உழைத்த மனிதர். ஆனால் அந்த நிமிஷத்தில் தம்பியின் மனத்தில் என்ன நடக்கிறது பாருங்கள். வெட்கம் என்ற முள்ளின் வலி மறக்கத்தானே அவன் போனை எடுத்தான்? அந்த முள்ளையே அப்பா இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டார். தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறான். எங்கே போகிறான்? இருட்டில், திண்ணையில், போனிடந்தான்!

அரியர் விஷயம் அன்றும் வெளியே வரவில்லை. அது வராமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

அம்மா என்ன செய்யலாம்? பின்னாலேயே போய்த் திண்ணையில் உட்காரலாம். "என்னடா பார்க்கிறே? எனக்கும் காட்டு" என்று கேட்கலாம். கொஞ்ச நேரம் கழித்து, "காலேஜிலே உனக்கு எப்படிடா இருக்கு? கஷ்டமா இருக்கா?" என்று கேட்கலாம். 'படிக்கிறாயா?' என்ற கேள்விக்கு, 'உம்' என்று ஒரே பதில்தான் உண்டு. 'கஷ்டமா இருக்கா?' என்ற கேள்விக்கு ஒரு பையனுடைய முழுக் கதையும் பதிலாக வரலாம். உடனே வராது, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வரும். வரும்போது, "அதெல்லாம் ஒரு விஷயமா!" என்று தள்ளிவிடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் போனும் அலமாரியில் இருந்தால் இன்னும் விசேஷம்!

பிள்ளை தூங்காமல், உண்ணாமல், யாருடனும் பேசாமல் ஒடுங்கிப்போனாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்பது போலப் பேசினாலோ, போனைப் பற்றிய வாதத்தை அங்கேயே நிறுத்திவிட்டு உதவி தேடுங்கள். அரசாங்கத்தின் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து நடந்துவருகிறது. 14416 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். பயப்படுகிற அதே போன்தான் அப்போது கைகொடுக்கும்.

திங்கட்கிழமை விடிகாலை. தம்பி மறுபடி கல்லூரிக்குப் புறப்பட்டுவிட்டான். நண்டலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது கிழக்கே வானம் வெளுத்திருக்கிறது. போன் மடியில் இருக்கிறது. கட்டைவிரல் சும்மா இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி திண்ணையில் அம்மாவிடம் மூன்று அரியரையும் சொல்லிவிட்டான். அம்மா கொஞ்சம் அழுதாள். பிறகு, "அப்பாகிட்ட நான் சொல்றேன். நீ எழுதி முடிச்சுடு" என்றாள். அவ்வளவுதான்.

இது நான் கட்டிய கற்பனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்று ராத்திரி எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் ஒரு சின்ன வெளிச்சம் தெரியும். அங்கே போய் உட்கார ஓர் ஆள் வேண்டும். அது நீங்களாக இருக்கக் கூடாதா?